எதிர்க்கடை இல்லாத தெரு

(மாடம்பாக்கத்தில் குடியிருப்போர் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணைப்பு என்ற சொல் நம் ஊருக்குப் புதிதல்ல. 2021 நவம்பர் வரை மாடம்பாக்கம் ஒரு பேரூராட்சி. அந்த மாதம் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். டீக்கடையில், தேனுபுரீஸ்வரர் கோயில் வாசலில், கேம்ப் ரோடு பேருந்து நிறுத்தத்தில் எல்லாம் அதே பேச்சு. வீட்டு வரி ஏறுமா, பாதாளச் சாக்கடை வருமா, நம் ஊர்ப் பெயர் நிலைக்குமா என்று கேட்டோம். சிலர் வரவேற்றோம், சிலர் எதிர்த்தோம். 2022 பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். 70 வார்டுகளுக்கு 70 உறுப்பினர்கள் வந்தார்கள். இன்றைக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று நமக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு இணைப்பு நடந்தது. அது கோயில் வாசலைத் தாண்டி நம் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்தது. அதைப் பற்றி நாம் டீக்கடையில் பேசவில்லை. ஓட்டுப் போடவில்லை. அந்த இணைப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 28 அன்று ரிலையன்ஸும் வால்ட் டிஸ்னியும் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தன. ரிலையன்ஸ் பக்கம் இருந்த வயாகாம்18, டிஸ்னி பக்கம் இருந்த ஸ்டார் இந்தியா இரண்டும் ஒரே நிறுவனமாகும் என்பது அதன் சாரம். அந்தக் கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்றார்கள். ரிலையன்ஸ் புதிதாக 11,500 கோடி ரூபாய் போட்டது. டிஸ்னிக்கு 36.84 சதவீதம், மிச்சம் ரிலையன்ஸிடமும் வயாகாம்18-இடமும். ஆகஸ்ட் 28-இல் இந்தியப் போட்டி ஆணையம் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. நவம்பர் 14-இல் இணைப்பு முடிந்து ஜியோஸ்டார் உருவானது. 2025 பிப்ரவரி 14-இல் இரண்டு பக்கத்துச் செயலிகளான ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் மறைந்து ஜியோஹாட்ஸ்டார் வந்தது.

இதில் எனக்கும் உங்களுக்கும் என்ன? நம் தெருவில் இரண்டு காய்கறிக் கடைகள் எதிரெதிரே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் தக்காளி கிலோ நாற்பது என்றால், எதிர்க்கடைக்காரர் முப்பத்தெட்டு என்று எழுதி வைக்கிறார். முதல் கடைக்காரர் உடனே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சேர்த்துப் போடுகிறார். இருவருக்கும் நம்மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. நாம் தெருவைக் கடந்துவிடுவோம் என்ற நினைப்புத்தான் அந்தக் கறிவேப்பிலையைக் கொடுக்க வைக்கிறது. ஒரு நாள் இரண்டு கடைக்காரர்களும் பங்காளிகள் ஆகிவிட்டால்? கடை பெரிதாகும், விளக்கு பளிச்சென்று இருக்கும், சரக்கும் கூடும். ஆனால் தெருவைக் கடந்து போவதற்கு இடம் இருக்காது.

இதை அப்படியே கிரிக்கெட்டில் பார்த்தோம். 2022 ஜூனில் ஐந்து ஆண்டுகளுக்கான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஏலம் போனது. மொத்தம் 48,390 கோடி ரூபாய். டிவி உரிமையை ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 சுமார் 23,758 கோடிக்கு எடுத்தது. இருவரும் எதிரிகள். 2023 கோடையில் ஜியோசினிமா ஐ.பி.எல். போட்டிகளை இலவசமாகக் காட்டியது. நம் பிள்ளைகள் மின்சார ரயிலில், டீக்கடை பெஞ்சில், மொட்டை மாடியில் போனில் பார்த்தார்கள். எதிர்க்கடை சும்மா இருக்குமா? அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் போனில் பார்ப்பவர்களுக்கு இலவசம் என்று ஹாட்ஸ்டார் அறிவித்தது. நவம்பர் 19-இல் அகமதாபாத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் அந்தச் செயலியில் பார்த்தார்கள்.

2025 ஐ.பி.எல். வந்தபோது இரண்டு கடைகளும் ஒன்றாகியிருந்தன. சில நிமிடங்கள் இலவசம். அதற்கு மேல் சந்தா. ஜியோ எண்ணில் 299 ரூபாயோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தவர்களுக்கு 90 நாள் சலுகை கிடைத்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்களும் தனித்தனிப் பேக்குகள் விற்றன. பார்ப்பவர்களும் அதே நாம்தான், ஆட்டமும் அதே ஆட்டம்தான். எதிர்க்கடை மட்டும்தான் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும். அந்த இலவசம் நிலைக்கக் கூடியதாக இருக்கவில்லை. நாற்பத்தெட்டாயிரம் கோடியை யாராவது எங்காவது ஈட்டித்தான் ஆக வேண்டும். உழைத்து எடுத்த படைப்புக்கு விலை கொடுத்துப் பார்ப்பதில் தவறு இல்லை. நான் மனதார அதை ஆதரிப்பவன். விலை இருப்பது எனக்குக் குறையே இல்லை. அந்த விலையை யார் வைக்கிறார்கள், எதைப் பார்த்து வைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

2024 ஏப்ரலில் ஜியோசினிமா மாதம் 29 ரூபாய்க்கு ஒரு சந்தா கொண்டுவந்தது. விளையாட்டு, நேரலை தவிர மற்றவற்றில் விளம்பரம் இல்லை. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மிகக் குறைந்த சந்தா, போனில் மட்டும் பார்க்க, விளம்பரத்தோடு, மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 299. பழைய சந்தாதாரர்களின் மீதி நாட்களை மதித்துப் புதிய செயலிக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். 299 என்பதும் ஹாட்ஸ்டாரின் பழைய விலைதான். அதனால் 'விலையை ஏற்றிவிட்டார்கள்' என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அருகில் இருந்த மலிவு விலை மறைந்துவிட்டது என்பதே சரி. இணைப்புகள் நம் பணப்பையைத் தொடும் விதம் பெரும்பாலும் இதுதான். ஏறிய விலை கண்ணுக்குத் தெரியும். இல்லாமல் போன விலையை யாரும் தேடுவதில்லை.

இப்போது நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன். விஜய் டிவி. இந்தக் கூட்டத்தில் அதைப் பார்க்காத வீடு இருக்காது. அது 1994-இல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன் என்ற பெயரில் தொழிலதிபர் என்.பி.வி. ராமசாமி உடையார் தொடங்கிய தமிழ்ச் சேனல். பிறகு விஜய் மல்லையாவின் கைக்குப் போய், அவர் பெயரைப் பெற்றது. அடுத்து யு.டி.வி. 2001-இல் ஸ்டார். 2019 மார்ச்சில் ஸ்டாரை வைத்திருந்த ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியபோது, ஸ்டாரோடு விஜய் டிவியும் டிஸ்னியின் சொத்தானது. 2024 நவம்பரில் ஜியோஸ்டார். முப்பது ஆண்டில் ஐந்து கை மாறிவிட்டது. இடையில் நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். 'நீயா நானா'வில் நம் மாமியார் மருமகள் சண்டையைப் பார்த்தோம். 'லொள்ளு சபா'வில் சிரித்தோம். 'கனா காணும் காலங்கள்' பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாங்களே பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? நிறுவனத்தின் பெட்டகத்தில். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் காட்டினால் நாம் பார்க்கலாம். காட்டாவிட்டால், தமிழர்கள் ஒரு காலத்தில் எப்படிப் பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எப்படி உடுத்தினார்கள் என்பதற்கான சாட்சி பூட்டிக் கிடக்கும். இது வெறும் பயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் வார்னர்மீடியாவும் டிஸ்கவரியும் இணைந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், கிட்டத்தட்ட முடிந்துவிட்ட 'பேட்கேர்ள்' என்ற படத்தை வெளியிடப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். டிசம்பரில் 'வெஸ்ட்வேர்ல்ட்' என்ற தங்கள் புகழ்பெற்ற தொடரையே தங்கள் ஓடிடி தளத்திலிருந்து எடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் செலவு குறைந்தது. பார்வையாளரின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் காணாமல் போனது. 2025 டிசம்பரில் அதே வார்னர் நிறுவனத்தை வாங்க நெட்ஃபிளிக்ஸும் பாரமவுன்ட்டும் போட்டி போட்டு விலை பேசின. கடைகள் குறைந்துகொண்டே போவது நம் தெருவில் மட்டும் நடப்பதல்ல.

இப்படிக் கை மாறுவதால் பார்வையாளர் படும் அலைச்சலுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. அதே வார்னர் நிறுவனத்தின் ஹெச்.பி.ஓ. தொடர்கள் 2023 மார்ச் 31-ஓடு ஹாட்ஸ்டாரை விட்டுப் போயின. அவற்றை விரும்பிப் பார்த்தவர்கள் சில வாரங்களில் ஜியோசினிமாவுக்குப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து இரண்டு வீடும் ஒன்றானது. பார்வையாளர் நடந்த தூரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

அடுத்து, படம் எடுப்பவர்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒரு சின்னத் தயாரிப்பாளர் படத்தைத் தொடங்கும்போதே மூன்று கணக்குப் போடுவார்: தியேட்டர், சாட்டிலைட், டிஜிட்டல். தியேட்டர் கையைக் கடித்தாலும் மற்ற இரண்டும் கடனை அடைக்க உதவும். இணைப்புக்கு முன் சாட்டிலைட் உரிமைக்கு விஜய் டிவியின் கதவையும், 2018-இல் தொடங்கிய கலர்ஸ் தமிழின் கதவையும் அவர் தட்டலாம். டிஜிட்டலுக்கு ஹாட்ஸ்டார், ஜியோசினிமா. நான்கு கதவுகள். ஓர் இடத்தில் விலை படியவில்லை என்றால் இன்னொரு இடத்தில் பேசிப் பார்க்கலாம். இணைப்பு முடிந்த அன்று அந்த நான்கு கதவுகளும் ஒரே வீட்டுக்குள் திறந்தன. பெரிய நடிகரின் படத்தைத் தேடி வாங்க ஆள் வருவார்கள். புதுமுக இயக்குநரின் படத்துக்குத்தான் ஒவ்வொரு கதவும் முக்கியம். அந்தப் படம் எடுக்கப்படாமலே போனால், அதன் இழப்பை நாம் உணரவே மாட்டோம். பார்க்காத படத்துக்காக யார் வருந்துவார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த விழாவில், தென்னிந்தியப் படைப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 4,000 கோடி ரூபாய் செலவிடுவதாக ஜியோஹாட்ஸ்டார் அறிவித்தது. பெரிய நிறுவனத்தால்தான் இவ்வளவு பெரிய தொகையைச் சொல்ல முடியும். நம் எழுத்தாளர்களுக்கும், ஒளிப்பதிவாளர்களுக்கும், ஒப்பனைக் கலைஞர்களுக்கும் அதில் வேலை கிடைத்தால் நான் முதலில் கைதட்டுவேன். சன் குழுமத்தின் சன் நெக்ஸ்ட், ஆஹா தமிழ் என்று வேறு கடைகளும் இன்னும் திறந்திருக்கின்றன. ஜீ நிறுவனமும் சோனியும் 2021-இல் பேசத் தொடங்கிய இணைப்பு 2024 ஜனவரியில் முறிந்ததால், அவை இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. தெரு முழுக்க இருண்டுவிடவில்லை. விளக்குகள் எரியும்போதே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் இரண்டு மனிதர்களை உங்கள் முன் நிறுத்த ஆசைப்படுகிறேன்.

ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த கேபிள்காரர். மாதம் பிறந்தால் டி.வி.எஸ். ஐம்பதில் வருவார். சட்டைப் பையில் ஓரம் மடங்கிய நீள நோட்டு, காதில் பேனா. 'அக்கா, கேபிள்' என்ற குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். மழையில் படம் போய்விட்டால் மொட்டை மாடியில் ஏறி, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு ஒயரை முறுக்குவார். கேபிள் தொழிலிலும் ஏகபோகம் இருந்தது, அரசியல் இருந்தது. அதற்கு எதிராகத்தான் 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குப் புத்துயிர் பெற்றது. இருந்தாலும், ஒரு சேனல் காணாமல் போனால் நாம் வாசலில் நின்று கேட்க ஒரு முகம் இருந்தது. 'மேல பேசிட்டு இருக்காங்கக்கா, ரெண்டு நாள்ல வந்துரும்' என்றாவது ஒரு பதில் வரும்.

இன்னொருவர் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சாயங்காலம் எவர்சில்வர் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்து, முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார். செயலியை அவர் அறிந்தது அதன் நிறத்தால், திரையில் அது இருக்கும் இடத்தால். கீழ்வரிசையில் இடமிருந்து இரண்டாவது. ஒரு செயலி இன்னொன்றோடு சேர்ந்து படம் மாறிய நாளில் (எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை) போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 'தம்பி, என் டிவியைக் காணோம்ப்பா. நான் ஒண்ணும் அமுக்கலை.' தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற பயம் அவர் முகத்தில். நான் திறந்து காட்டினேன். சீரியல் அங்கேயேதான் இருந்தது. நிம்மதியாகச் சிரித்தவர், திரும்பும்போது கேட்டார்: 'சரி, யாரு மாத்துனா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?'

என் உரை முழுவதும் அந்தக் கேள்விதான். பெரிய நிறுவனங்கள் இணைவது குற்றம் அல்ல. நம் பத்து ஊர்களும் இணைந்துதான் மாநகராட்சி ஆயின. அந்த இணைப்பில் நமக்கு ஓட்டு இருந்தது, வார்டு இருந்தது, கேட்க ஆள் இருந்தது. ஊடக இணைப்பில் பார்வையாளருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

டிவிக்கு ஓரளவு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலையை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். முதல் நூறு சேனல்களுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அன்று வரம்பு வைத்தார்கள். வேண்டிய சேனலை மட்டும் எடுக்க உரிமை உண்டு. அதே சேனலின் அதே சீரியல் செயலிக்குள் வந்துவிட்டால் இந்த விதிகள் அதன் சந்தாவைத் தொடுவதில்லை. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடிக்கு உண்டு. அவை உள்ளடக்கத்தைப் பற்றியவை: வயது வகைப்பாடு, புகார் அதிகாரி, 15 நாளுக்குள் பதில். என்ன காட்டுகிறார்கள் என்று கேட்கலாம். எவ்வளவு வாங்குகிறார்கள், ஏன் எடுத்துவிட்டார்கள் என்று கேட்க அங்கே வழி இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது, இணைப்புக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், குறைந்த விலைச் சந்தாவைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தொடர வேண்டும் என்பது நிபந்தனையாக வேண்டும். கிரிக்கெட் விளம்பர நேரத்தை ஒன்றாகக் கட்டி விற்கக்கூடாது என்ற வாக்குறுதி ஜியோஸ்டார் இணைப்பில் விளம்பரதாரர்களுக்காகப் பெறப்பட்டது. பார்வையாளருக்கும் அதுபோல ஒன்று வேண்டாமா? இரண்டாவது, பழைய தமிழ் நிகழ்ச்சிகளின் ஒரு பிரதி பொது ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் போக வேண்டும். அச்சிட்ட புத்தகத்தின் பிரதியைப் பொது நூலகங்களுக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. கன்னிமாரா நூலகம் அப்படிப் புத்தகம் பெறும் நூலகம். கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சிக்கு அந்த மரியாதை கூடாதா? மூன்றாவது, ஒரு படைப்பைத் தளத்திலிருந்து எடுப்பதற்கு முன் சந்தாதாரருக்கு முன்னறிவிப்பு வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் போனில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். சேர வழியைப் பெரிதாகவும், விலக வழியை மறைத்தும் வைக்கும் சந்தாப் பொறியை 2023 நவம்பரில் மத்திய அரசு நியாயமற்ற வணிகமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பார்க்காத மாதத்துக்குச் சந்தாவை நிறுத்துங்கள். நிறுத்த முடிகிற வாடிக்கையாளரைத்தான் கடைக்காரர் மதிப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் இணைப்பு போட்டியைக் கெடுக்கும் என்று போட்டி ஆணையத்துக்கு முதல் பார்வையில் தோன்றினால், அதன் விவரத்தைப் பொதுமக்களுக்கு வெளியிடச் சொல்லவும், பாதிக்கப்படக்கூடிய யாரிடமிருந்தும் எழுத்தில் ஆட்சேபம் கேட்கவும் போட்டிச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இடம் தருகிறது. யாரிடமிருந்தும் என்றால் நம்மிடமிருந்தும்தான். அப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில், வக்கீல்களும் விளம்பர நிறுவனங்களும் மட்டும் எழுதினால், அவர்கள் கவலைகள்தான் அங்கே பதிவாகும். மாடம்பாக்கத்திலிருந்து ஒரு கடிதம் போகட்டும். வார்டு உறுப்பினருக்குத் தெருவிளக்கு பற்றி மனு எழுதத் தெரிந்த நமக்கு அதுவும் எழுதத் தெரியும். பெரிய சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம். எதிர்வீட்டுப் பாட்டி கேட்டதை அப்படியே எழுதினால் போதும். யார் மாற்றினார்கள்? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

அவருக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்தக் கடன் நம்முடையது.